கேளுங்கள், சொல்கிறோம்: பண்ணையிலிருந்து நேரே வரும் மாட்டிறைச்சி

அமெரிக்காவில் குடும்பப் பண்ணைகள் தாங்கள் வளர்க்கும் மாட்டின் இறைச்சியை இணையம் வழியே நேரடியாக விற்பது குறித்து, அங்கு வாழும் வாசகர்கள் சிலர் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: கான்சாஸில் உள்ள ஒரு குடும்பப் பண்ணையின் இணையக் கடையில் ‘நேச்சுரல் பீஃப்’ விற்கிறார்கள். விலை பேரங்காடியில் உள்ளதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஹார்மோன் செலுத்தாமல், புல் மட்டுமே மேய்த்து வளர்த்தது என்று நம்பி வாங்கலாமா? – ஆர். கே., டாலஸ்

பதில்: அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அமெரிக்க வேளாண் துறையின் விதிப்படி, செயற்கைப் பொருளோ நிறமோ சேர்க்காமல், மிகக் குறைவாகவே பதப்படுத்தப்பட்ட இறைச்சிக்கு ‘நேச்சுரல்’ என்று பெயரிடலாம். மாடு எங்கே வளர்ந்தது, என்ன தின்றது, காதின் தோலுக்கடியில் ஹார்மோன் வில்லை வைக்கப்பட்டதா என்பவற்றுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பே இல்லை. பேரங்காடியில் கிடைக்கும் சாதாரண இறைச்சித் துண்டும் இந்த அளவுகோலில் தேறிவிடும்.

‘ஹார்மோன் செலுத்தப்படவில்லை’, ‘ஆன்டிபயாடிக் இன்றி வளர்த்தது’ போன்ற வாசகங்கள் சற்று மேலானவை. அவற்றை உறையில் அச்சிடுமுன் பண்ணையார் ஆவணங்களைக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். ஆயினும் அது பெரும்பாலும் காகிதத்தில் நடக்கும் சரிபார்ப்புதான். ‘புல் தின்று வளர்ந்தது’ என்பதற்கு வேளாண் துறை 2007-இல் ஒரு தர வரையறை கொண்டுவந்து, 2016-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அமெரிக்காவில் இறைச்சிக்கு வளரும் கன்றுகளில் பெரும்பாலானவை தொடக்கத்தில் தாயுடன் புல்வெளியில் மேய்ந்தவைதான். வேறுபாடு கடைசி நான்கு முதல் ஆறு மாதங்களில் இருக்கிறது. அந்தக் காலத்தில்தான் பெரும்பாலான மாடுகளைப் பெரிய தீவனப் பட்டிகளில் அடைத்து, மக்காச்சோளம் கொடுத்துக் கொழுக்க வைக்கிறார்கள்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, கன்று உங்கள் பண்ணையில் பிறந்ததா, கடைசி ஆறு மாதங்களில் அதற்கு என்ன தீவனம் கொடுத்தீர்கள், எந்த இறைச்சிக்கூடத்தில் அறுக்கிறீர்கள் என்பனவே. பேரங்காடியில் இக்கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது. குடும்பப் பண்ணையில் தொலைபேசியை எடுப்பவரே மாட்டை வளர்த்தவராக இருக்கக்கூடும். கூடுதல் விலை அதற்குத்தான் என்பது என் எண்ணம். பதிலில் மழுப்பல் தெரிந்தால் வேறு பண்ணையைப் பாருங்கள்.

கேள்வி: ‘கால் மாடு’, அதாவது ஒரு மாட்டில் நான்கில் ஒரு பங்கு, வாங்கினால் மலிவு என்கிறார்கள். ஆனால் விலையைத் ‘தொங்கு எடை’க்குச் சொல்கிறார்கள். கைக்கு எவ்வளவு கறி வரும்? – திருமதி ச. மேரி, ஹூஸ்டன்

பதில்: தொங்கு எடை என்பது தோல், தலை, குடல் ஆகியவற்றை நீக்கி, உடலைக் கொக்கியில் தொங்கவிட்டபின் எடுக்கும் எடை. தானியம் தின்று கொழுத்த 1,200 பவுண்டு மாடு ஒன்று ஏறத்தாழ 740 பவுண்டு தொங்கும். எலும்பும் கொழுப்பும் கழித்து வெட்டினால் கறியாக 480 பவுண்டு அளவுக்குத் தேறும். கால் பங்கு என்றால் 185 பவுண்டுக்குப் பணம் கொடுத்து 120 பவுண்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். பவுண்டுக்கு 5 டாலர் என்று வைத்துக்கொண்டால் 925 டாலர். அதாவது கையில் வரும் கறியின் உண்மை விலை 7 டாலர் 70 சென்ட் அளவு ஆகிறது. வெட்டிப் பொதியும் கூலி பெரும்பாலும் தனி. புல் மட்டும் மேய்ந்த மாட்டில் தேறும் விகிதம் இன்னும் குறையும்.

உறைபெட்டியில் ஒரு கன அடிக்கு 35 முதல் 40 பவுண்டு வரை கொள்ளும் என்பதால், மூன்றரை கன அடி இடமாவது காலியாக இருக்க வேண்டும். வருவதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கொத்துக்கறியாகவே இருக்கும். ஸ்டேக் துண்டுகளாக நிறையும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்து போவார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இவ்வகை விற்பனையில் பல இடங்களில் நீங்கள் வாங்குவது இறைச்சியை அன்று, உயிருள்ள மாட்டின் ஒரு பங்கை. உரிமையாளருக்காக அறுத்துக் கொடுப்பது என்ற விதிவிலக்கின்கீழ் வருவதால், பொதியின் மீது ‘விற்பனைக்கு அன்று’ என்று முத்திரை இருக்கும். வீட்டாரும் விருந்தினரும் உண்ணலாம். அண்டை வீட்டாருக்கு விற்கக் கூடாது.

கேள்வி: பக்கத்து மாநிலப் பண்ணை ஒன்று எங்களுக்கு அனுப்ப முடியாது என்கிறது, தொலைவில் உள்ள வேறொன்று அனுப்புகிறது. இது என்ன நியாயம்? – ந. வேலு, செயின்ட் லூயிஸ்

பதில்: காரணம் இறைச்சிக்கூடத்தின் ஆய்வு முத்திரையாக இருக்கலாம்: பக்கத்துப் பண்ணையின் கூடத்துக்கு மாநில முத்திரையும், தொலைவில் உள்ளதற்குக் கூட்டரசு முத்திரையும் இருக்கக்கூடும். மாநில எல்லையைத் தாண்டி இறைச்சி விற்கக் கூட்டரசு ஆய்வாளரின் சோதனை வேண்டும். 1967-இல் வந்த சட்டத்தின்படி மாநிலங்கள் தாமே ஆய்வு நடத்தலாம். அதன் தரம் கூட்டரசின் தரத்துக்குக் குறையக் கூடாது. இருந்தும் அந்த இறைச்சி பொதுவாக மாநிலத்துக்குள்ளேயே விற்கப்பட வேண்டும். 2008-இல் இயற்றிய வேளாண் சட்டம், தேர்ந்தெடுத்த சில சிறு கூடங்களுக்கு மட்டும் இதில் விலக்கு அளித்தது. தரம் சமம் என்று சட்டமே ஒப்புக்கொண்டபின் எல்லையில் தடுப்பது எனக்கும் பொருத்தமாகப் படவில்லை.

கேள்வி: இத்தனை தொல்லைகளுக்கு இடையில் இந்தக் குடும்பங்கள் ஏன் நேரடி விற்பனைக்கு வருகின்றன? சந்தையில் விற்றுவிட்டுப் போகலாமே! – கா. இளங்கோ, நியூ ஜெர்சி

பதில்: சந்தையில் விற்றால் விலை அவர்கள் கையில் இல்லை. டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப் ஆகிய நான்கு நிறுவனங்களே கொழுக்க வைத்த மாடுகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை அறுக்கின்றன. கன்று வளர்ப்பவர் ஆறேழு மாதக் கன்றை ஏலத்தில் விட்டுவிட்டு, கிடைத்த விலையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

அதே கன்றைத் தாமே இரண்டாண்டுகள் வைத்திருந்து விற்றால் இடைநிலை இலாபம் குடும்பத்துக்கு வரும். அதுவரை முதல் முடங்கிக் கிடக்கும். சிறு இறைச்சிக்கூடங்கள் குறைவு என்பதால் அறுக்கும் நாளை மாதக்கணக்கில் முன்பே பதிய வேண்டும். 2020-இல் கொரோனாவால் பெரிய ஆலைகள் மூடப்பட்டபோது, பல சிறு கூடங்களில் மறு ஆண்டு வரைகூட இடம் கிடைக்கவில்லை. 1866 முதல் ஒரே குடும்பம் நடத்திவரும் ஜார்ஜியா மாநிலத்து ஒயிட் ஓக் பாஸ்ச்சர்ஸ் பண்ணை, 2008-இல் தன் நிலத்திலேயே இறைச்சிக்கூடம் கட்டிக்கொண்டது. ஒரிகனில் 14 குடும்பங்கள் தங்கள் மாட்டிறைச்சியைச் சேர்ந்து விற்க 1986-இல் கூட்டுறவாகச் சேர்ந்தன. எல்லாருக்கும் இவை இயலும் வழிகள் அல்ல.

இணைய விற்பனையில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரு மாட்டில் டெண்டர்லாயின் எனப்படும் மென்தசை இரண்டுதான். இரண்டும் சேர்ந்து பத்துப் பவுண்டு அளவே தேறும். வாங்குவோர் அதையே கேட்க, கொத்துக்கறியும் எலும்பும் ஈரலும் நாக்கும் பண்ணையார் வீட்டில் தேங்கிவிடுகின்றன. எலும்பு ரசமும் ஈரல் வறுவலும் தெரிந்த நம் வீடுகள், இவர்களுக்கு நல்ல வாடிக்கையாக இருக்க முடியும். தயங்காமல் கேட்டு விலை பேசுங்கள்.

கேள்வி: உலர் பனிக்கட்டியுடன் வந்த பெட்டியில் கறி ஊதா நிறமாகவும் கொழுப்பு மஞ்சளாகவும் இருக்கிறது. கெட்டுவிட்டதா? – பெயர் வேண்டாம், சிகாகோ

பதில்: இல்லை. காற்றை உறிஞ்சி மூடிய உறைக்குள் ஆக்சிஜன் இல்லாததால் கறி ஊதாவாகத் தெரியும். பிரித்துவைத்தால் சிறிது நேரத்தில் சிவக்கும். மஞ்சள் கொழுப்பு, பசும்புல்லில் உள்ள பீட்டா கரோட்டினால் வருவது. நிறத்தைவிடத் தொட்டுப் பார்ப்பதே நல்லது: இறுகியிருந்தாலோ, ஓரம் இளகியும் குளிர்சாதனப் பெட்டியின் அளவுக்குச் சில்லென்று இருந்தாலோ கவலையில்லை, உடனே உறைபெட்டியில் வைக்கலாம். வெதுவெதுப்பாக இருந்தால் படம் எடுத்துப் பண்ணைக்கு அனுப்பிவிட்டு அப்புறப்படுத்துங்கள். உலர் பனிக்கட்டியின் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். வெறுங்கையால் தொடாமல், காற்றோட்டமான இடத்தில் தானாகக் கரைய விடுங்கள்.

கேள்வி: புல் மேய்ந்த மாட்டுக்கறி சமைத்தால் ரப்பர் போல் ஆகிறது. என்ன செய்யலாம்? – ஜெ. ஃபாத்திமா, அட்லாண்டா

பதில்: கொழுப்புக் குறைவு என்பதால் வறுவலும் ஸ்டேக்கும் விரைவில் வெந்து இறுகிவிடும், தீயைக் குறைத்து, முன்னதாகவே இறக்குங்கள். தொடையும் நெஞ்சும் அதற்கு நேர்மாறானவை: தண்ணீர் சேர்த்து, மூடி, சிறு தீயில் நெடுநேரம் வேக வேண்டும். கொத்துக்கறியை மட்டும் எந்தப் பண்ணையினது ஆனாலும் 71 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக வேகவைத்து விடுங்கள்.