பகலில் தெரிகிற எழுத்து ராத்திரியில் எங்கே போகிறது?

கேள்வி: எனக்கு 74 வயது. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு கண்ணிலும் மாகுலா தேய்மானம், உலர்ந்த வகை என்று சொன்னார்கள். ஊசி தேவையில்லை என்று மாத்திரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். காலையில் திண்ணையில் உட்கார்ந்தால் பேப்பரை ஓரளவு படித்துவிடுகிறேன். அதே பேப்பர், அதே கண்ணாடி, ராத்திரி ஹாலில் டியூப்லைட் எரிந்தாலும் ஒரு வரிகூட ஓடவில்லை. "காலையில படிச்சீங்களே, இப்ப மட்டும் என்ன?" என்கிறான் மகன். பெரிய பல்பாக மாட்டலாம் என்றால், அதிக வெளிச்சத்தில் கண் இன்னும் கெட்டுப்போகும் என்று மனைவி தடுக்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: ஐயா, முதலில் உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, அப்பா நடிக்கவில்லை. இந்த நோய் உள்ளவர்களுக்குக் காலைப் பார்வையும் ராத்திரிப் பார்வையும் நிஜமாகவே வேறு வேறு. என்னிடம் வருகிற பல வீடுகளில் இதை வைத்தே சண்டை நடக்கிறது.

கண்ணுக்குள் பின்பக்கம் ஒளியை வாங்குகிற திரைக்கு விழித்திரை என்று பெயர். அதன் நடுவில் ஐந்தரை மில்லிமீட்டர் அகலத்துக்கு இருக்கிற இடம்தான் மாகுலா. எழுத்தைப் படிப்பது, எதிரில் வருபவரின் முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை. உலர்ந்த வகையில் அது ஒரே நாளில் மொத்தமாகச் செத்துப்போவதில்லை. சில திட்டுகள் அடியோடு போயிருக்கும், சுற்றியுள்ள சில இடங்கள் சோர்ந்துபோய் இருக்கும். இந்தச் சோர்ந்த இடங்கள்தான் விஷயமே. நல்ல வெளிச்சம் விழுந்தால் அவை எப்படியோ எழுந்து வேலை பார்க்கும். வெளிச்சம் குறைந்தால் கையை விரித்துவிடும். ஒரு பேச்சுக்குச் சொன்னால், பகலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருக்கிற மறைப்பு ராத்திரியில் உளுந்து வடை அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது.

அதோடு வயதும் சேர்கிறது. வயதானால் கண்மணி பழையபடி விரியாது, உள்ளே இருக்கும் லென்ஸும் மஞ்சளடிக்கும். 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேர்கிறது. கண்புரை அறுவை செய்து புது லென்ஸ் வைத்திருந்தால் அந்த மஞ்சள் கணக்கைக் கழித்துவிடலாம். நீங்கள் செய்துகொண்டீர்களா என்று எழுதவில்லை.

இனி உங்கள் திண்ணையையும் ஹாலையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். நேர் வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். வெயில் நேராக விழாத திண்ணையிலேயே ஆயிரக்கணக்கில் கிடைக்கும். ராத்திரி ஹாலில், சுவரின் உச்சியில் மாட்டிய டியூப்லைட்டில் இருந்து உங்கள் மடியில் இருக்கும் பேப்பருக்கு வந்து சேர்வது பெரும்பாலும் 100 லக்ஸ்தான், அதற்குக் குறைவாகவும் இருக்கலாம். நல்ல கண் இந்த வித்தியாசத்தைச் சத்தமில்லாமல் சமாளித்துக்கொள்ளும். அதனால்தான் மகனுக்கு "லைட் நல்லாத்தானே எரியுது" என்று தோன்றுகிறது. மாகுலா தேய்மானம் உள்ளவர்களை வைத்துச் செய்த ஆய்வில் பெரும்பாலோருக்கு நன்றாகப் படிக்க 2,000 லக்ஸாவது தேவைப்பட்டிருக்கிறது.

அப்படியானால் பெரிய பல்பா? இல்லை. வெளிச்சத்தைப் பெரிதாக்குவதைவிடப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் காரியம். விளக்குக்கும் பேப்பருக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், பேப்பரில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். இரண்டடி தள்ளி இருக்கிற விளக்கை ஒரு அடிக்கு இழுத்தால் போதும், கரண்ட் பில் ஒரு பைசா ஏறாது. சாதாரண 9 வாட் எல்.இ.டி. பல்பு, கழுத்தை வளைக்கக்கூடிய மேஜை விளக்கு, பல்பைச் சுற்றி மூடிய குடை. இவ்வளவுதான் நான் எழுதிக் கொடுக்கும் மருந்து. பழைய குண்டு பல்பு வேண்டாம், பக்கத்தில் இழுத்தால் நெற்றி வெந்துவிடும்.

விளக்கு வைக்கும் இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பல்பு உங்கள் கண்ணுக்கே தெரியக்கூடாது, பேப்பர் மட்டும் ஒளிர வேண்டும். தோளுக்குப் பக்கவாட்டில், இரண்டு கண்ணில் எது தேவலையோ அந்தப் பக்கமாக, முகத்துக்குக் கீழே இறக்கி வையுங்கள். எதிரே வைத்தால் கூச்சம்தான் மிஞ்சும். வழவழப்பான பத்திரிகைத் தாள் பளபளத்தால் தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். ஹால் லைட்டை அணைக்க வேண்டாம். சுற்றிலும் இருட்டு, நடுவில் மட்டும் பளிச் என்று இருந்தால் கண் சீக்கிரம் அலுத்துவிடும்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். வீட்டு விளக்கில் படிப்பதால் மாகுலா தேய்மானம் அதிகமாகாது. கண்ணை "மிச்சம் பிடித்து" வைப்பதாலும் அது நிற்காது. எல்.இ.டி. விளக்கின் நீல ஒளி பற்றி வாட்ஸ்அப்பில் வருகிறதே, வீட்டு விளக்கின் அளவில் அது இந்த நோயைக் கூட்டுகிறது என்று நிரூபணமாகவில்லை. அதிக வெளிச்சத்தில் கண் கூசுவது நிஜம். ஆனால் கூசுவது வேறு, கெடுவது வேறு. மஞ்சள் ஒளியா வெள்ளை ஒளியா என்றும் கேட்கிறார்கள். உங்களுக்கு எது சௌகரியமோ அது.

ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு பொருந்தாது. சிலருக்கு நட்டநடு இடம் தப்பித்து, சுற்றிலும் வளையம்போலப் போயிருக்கும். அவர்கள் பொடி எழுத்தைப் படித்துவிட்டுப் பெரிய தலைப்பில் தடுமாறுவார்கள், ஏனென்றால் பெரிய எழுத்து அந்தச் சின்னத் தீவுக்குள் அடங்காது. (இதையும் வீட்டில் நடிப்பு என்றுதான் சொல்வார்கள்.) கண்புரை இருந்தால் அதிக வெளிச்சம் உள்ளே சிதறி எல்லாவற்றையும் வெளுக்க அடிக்கும். ஆகவே நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே செய்தியை வைத்துக்கொண்டு விளக்கை இரண்டடியில், ஒன்றரையில், ஒன்றில், முக்கால் அடியில் வைத்துப் படியுங்கள். புள்ளி வைத்த எழுத்தும் இல்லாத எழுத்தும், கொம்பும் சுழியும் எங்கே பிரிந்து தெரிகின்றன என்று கவனியுங்கள். தமிழில் வெளிச்சம் குறைந்தால் முதலில் காலை வாருவது புள்ளிதான். கூச ஆரம்பிக்கும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெயிலில் இருந்து உள்ளே வந்தவுடன் படிக்க உட்காராதீர்கள். இந்த நோயில் கண் இருட்டுக்குப் பழக மற்றவர்களைவிட அதிக நேரம் எடுக்கும். வெளியே போகும்போது தொப்பியோ குடையோ இருந்தால் திரும்பி வந்ததும் தடுமாற்றம் குறையும்.

இன்னொரு செலவில்லாத விஷயம். கறுப்புச் சார்ட் அட்டையில் இரண்டு வரி தெரிகிற அளவுக்கு நீளமாக ஒரு ஜன்னல் வெட்டிப் பேப்பர்மேல் வைத்துப் படியுங்கள். சுற்றியுள்ள தாளின் வெள்ளை கண்ணில் அடிக்காது, வரியும் தவறாது. பேப்பரின் தாளே சாம்பல் நிறம் என்பதால் எழுத்து எடுப்பாக இருக்காது. அதே செய்தியைப் போனில் பெரிதாக்கி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றிப் பார்த்தால் சிலருக்குச் சுலபமாகிறது. அப்புறம், மாத்திரை டப்பா இருக்கும் அலமாரியிலும் மாடிப்படியிலும் தனியாக விளக்கு போடச் சொல்லுங்கள்.

விளக்கு சரி செய்யாத ஒன்று உண்டு. தினம் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் ஜன்னல் கம்பியையோ காலண்டர் கட்டத்தையோ பாருங்கள். நேர்க்கோடு திடீரென்று வளைந்தாலோ, நடுவில் புதிதாக ஒரு கறை வந்தாலோ, உலர்ந்த வகை ஈர வகையாக, அதாவது விழித்திரைக்கு அடியில் புது ரத்தக் குழாய் முளைத்துக் கசிகிற வகையாக, மாறியிருக்கலாம். அதற்கு ஊசி இருக்கிறது, ஆனால் நாள் கடத்தினால் போன பார்வை திரும்புவது கஷ்டம். "பல்பு டல்லாகிவிட்டது போல" என்று இருந்துவிடாமல் ஓரிரு நாளில் விழித்திரை மருத்துவரிடம் போய்விடுங்கள். இப்போது சாப்பிடும் மாத்திரை நோய் முற்றுவதைத் தள்ளிப்போட உதவலாம், எழுத்தைத் தெளிவாக்காது. அதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

குறைபார்வைப் பிரிவு என்று தனியாக இருக்கிறது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் கேளுங்கள். விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடிகளை அங்கே கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். கடையில் கண்டதை வாங்குவதற்கு முன்னால் அங்கே பார்த்துவிடுவது நல்லது. போகும்போது நீங்கள் ராத்திரி படிக்க முடியாமல் போன அந்தப் பேப்பரையும் கையோடு எடுத்துப் போங்கள். ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகை வெளிச்சத்தில் இருக்கும், எழுத்தும் கன்னங்கரேல் என்று இருக்கும். அதைப் படித்துக் காட்டிவிட்டால் உங்கள் ஹாலில் நடப்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். உங்கள் பேப்பரை, அங்கே ஒரு லைட்டை அணைத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள் என்று நீங்களே கேளுங்கள். முடிந்தால் மகனையும் கூட்டிப் போங்கள்.