ஆம்பை அளக்கும் முன் இன்டர்ஃபேஸை அளந்துவிடுங்கள்

கேள்வி (கடலூர், மஞ்சக்குப்பம்): மகளின் பாட்டு வகுப்புக்காக ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகவும் வெளியே எடுக்கவும் உதவும் பெட்டி) வாங்கினோம். வீட்டில் உள்ளூரில் அசெம்பிள் செய்து வாங்கிய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்றும் இருக்கிறது. 100 வாட் என்று சொல்லி விற்றார்கள். திறந்து பார்த்தால் 12-0-12, 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். ஸ்பீக்கர் வயரை நேராக இன்டர்ஃபேஸில் சொருகி நிஜ வாட் எவ்வளவு என்று அளக்க முடியுமா சார்?

பதில்: நேராகச் சொருகாதீர்கள், அதுதான் முதல் விஷயம். இன்டர்ஃபேஸின் லைன் இன்புட் சில வோல்ட்டுகளுக்காக அமைக்கப்பட்டது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் தரும் ஒரு ஆம்பின் முனையிலோ 20 வோல்ட் ஏசி நிற்கும். நடுவில் வோல்ட்டை இறக்கும் ஒரு டிவைடர் வேண்டும்: 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று தொடராக, 1 கிலோ ஓம் ஒன்று கிரவுண்டுக்கு, இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து இன்டர்ஃபேஸுக்கு. 20 வோல்ட் 1.8 வோல்ட்டாக இறங்கிவிடும். கால் வாட் ரெசிஸ்டரே போதும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு சோதனை இருக்கிறது, இதை விட்டுவிட்டால் ஆம்பே போய்விடும். ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து, கறுப்பு ஸ்பீக்கர் முனைக்கும், பாட்டு உள்ளே வரும் ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா பாருங்கள். பீப் வந்தால் கறுப்பு முனைதான் கிரவுண்ட், மேலே சொன்னபடி செய்யலாம். வரவில்லை என்றால் அது பிரிட்ஜ் வகை. இப்போது எல்லோரும் வாங்கும் டிபிஏ3116 சிறிய போர்டுகள் அப்படித்தான், அவற்றில் கறுப்பு முனையிலும் சிக்னல் ஓடுகிறது. அதை இன்டர்ஃபேஸின் கிரவுண்டோடு இணைப்பது ஆம்பின் அவுட்புட்டை ஷார்ட் செய்வதற்குச் சமம். அந்த வகைக்கு இரண்டு முனைக்கும் தனித்தனி டிவைடர் போட்டு, பேலன்ஸ்டு இன்புட்டின் (மூன்று தொடர்புள்ள பிளக்: நுனி டிப், நடு வளையம் ரிங், அடிப்பகுதி ஸ்லீவ்) டிப்புக்கு ஒன்றும் ரிங்குக்கு ஒன்றுமாகக் கொடுக்க வேண்டும். ஸ்லீவ் ஆம்பின் கிரவுண்டுக்கு மட்டுமே போக வேண்டும், ஸ்பீக்கர் முனை எதற்கும் போகக் கூடாது.

சரி, இப்போது அளவுக்கு வருவோம். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆம்பைத் தொடாமல், இன்டர்ஃபேஸின் அவுட்புட்டை அதன் இன்புட்டுக்கே ஒரு கேபிளால் திருப்பிக் கொடுத்து 1000 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை அனுப்பிப் பாருங்கள். டைரக்ட் மானிட்டர் பட்டன் அணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே வந்தது மறுபடி வெளியே போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்புட் லைன் நிலையில், கெய்ன் (இன்புட் பெருக்கம்) அடிமட்டத்தில், விண்டோஸின் ஒலி மேம்பாட்டு வசதிகள் எல்லாம் அணைத்து. இப்போது வரும் டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) எண் உங்கள் இன்டர்ஃபேஸுடையது. அது 0.003 சதவீதம் என்று வந்து, பிறகு ஆம்பை நடுவில் வைத்ததும் 0.1 சதவீதம் வந்தால் அது ஆம்பின் எண்தான் என்று நம்பலாம். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் நீங்கள் ஆம்பை அளக்கவே இல்லை, இன்டர்ஃபேஸையே இரண்டாவது முறை அளந்திருக்கிறீர்கள். நிறையப் பேர் இந்த முதல் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு, பிறகு வாரக்கணக்கில் எண்களோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

வாட் அளக்க ஸ்பீக்கரை வைக்காதீர்கள், முழு வால்யூமில் நிற்காமல் ஓடும் சைன் ஒலி ட்வீட்டரை எரித்துவிடும். அலுமினிய உறை போட்ட 8 ஓம், 50 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் போடுங்கள், கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், மரப்பலகை மேல் வைக்காதீர்கள். வால்யூமை மெதுவாக ஏற்றும்போது டிஸ்டார்ஷன் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவந்து ஓர் இடத்தில் சட்டென்று எகிறும். 1 சதவீதம் தொடும் இடத்தில் நிறுத்தி, ஒலியை 100 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, ரெசிஸ்டர் முனையில் மல்டிமீட்டரால் ஏசி வோல்ட்டைப் படியுங்கள். மலிவான மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது, அதனால்தான் 100. அந்த வோல்ட்டை அதனாலேயே பெருக்கி 8 ஆல் வகுத்தால் வாட்.

உங்கள் டிரான்ஸ்ஃபார்மரை வைத்து இப்போதே கணக்குச் சொல்லிவிடலாம். 12 வோல்ட் ஏசி, டையோடு தாண்டி 16 வோல்ட் டிசி அளவுக்கு வரும், ஐசிக்குள் இழப்பது போக 13, 14 வோல்ட் உச்சம் கிடைக்கலாம். அதாவது 8 ஓமில் ஒரு சேனலுக்கு 12 வாட்டை ஒட்டி. பிரிட்ஜ் வகையாக இருந்தால் கூடும், ஆனால் அந்த டிரான்ஸ்ஃபார்மரே மொத்தம் 48 விஏ (இரு பக்கமும் சேர்த்து 24 வோல்ட், 2 ஆம்பியர்) தான், அதிலிருந்து 100 வாட் தொடர்ந்து வர வழியே இல்லை. ஒரு ஹாலுக்கு 12 வாட் தாராளம், அதனால் ஆம்பைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் 100 என்று சொல்லி விற்பது தவறு, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேள்வி (புதுச்சேரி, லாஸ்பேட்டை): லூப்பேக் (இன்டர்ஃபேஸை அதற்கே திருப்பிக் கொடுத்து எடுத்த அளவு) சுத்தமாக இருக்கிறது. பழைய ஆம்பை இணைத்ததும் கிராஃபின் இடது பக்கம் வரிசையாக முட்கள். ஆம்ப் பழுதா?

பதில்: எந்த இடத்தில் முள் என்பதைப் பார்த்தால் பாதி விடை வந்துவிடும். 50, 150 ஹெர்ட்ஸில் உயரமாக இருந்தால் கிரவுண்ட் லூப் (இரண்டு வழியாக கிரவுண்ட் சேர்ந்து வளையமாவது) அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலம். 100, 200, 300 என்று போனால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் வரும் ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏசி அலை), பழைய ஆம்பில் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். முதலில் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் அளந்து பாருங்கள், முட்கள் பாதியாகக் குறைந்தால் ஆம்ப் மேல் பழி போடாதீர்கள். சிலர் ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். ஹம் (அந்த 'ம்ம்' என்ற இரைச்சல்) போகும், கூடவே உங்களுக்கான பாதுகாப்பும் போய்விடும். கடற்கரை ஊர் என்பதால் ஆர்சிஏ சாக்கெட்டின் உப்புப் படிவையும் கான்டாக்ட் கிளீனரால் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், கிரவுண்ட் தொடர்பு சரியில்லாததாலேயே ஹம் வருவது உண்டு.

கேள்வி (புதுச்சேரி, முத்தியால்பேட்டை): என் இன்டர்ஃபேஸின் இரைச்சல் கோடு மைனஸ் 140 டெசிபலில் இருக்கிறது. அவ்வளவு நல்லதா?

பதில்: இல்லை. மொத்த இரைச்சலை மென்பொருள் ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரித்துக் காட்டுகிறது, 65,536 புள்ளி எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு) என்றால் 32,768 துண்டு, அதனால் மட்டுமே கோடு 45 டெசிபல் கீழே இறங்கித் தெரியும். நிஜத்தில் மைனஸ் 95 பக்கம் இருக்கும். கோட்டைப் பார்க்காமல், மென்பொருள் கூட்டித் தரும் மொத்த இரைச்சல் எண்ணைப் பாருங்கள்.

கேள்வி (கடலூர், தேவனாம்பட்டினம்): ஸ்பீக்கரையும் இதே இன்டர்ஃபேஸால் அளக்கலாமா?

பதில்: அளக்கலாம், மெஷர்மென்ட் மைக் வேண்டும், அதற்கு 48 வோல்ட் ஃபேண்டம் (மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) கொடுக்க வேண்டும். அறைக்குள் அளந்தால் சுவர்களின் எதிரொலியும் சேர்ந்தே வரும் என்பதால் மொட்டை மாடி நல்லது. காற்று மைக்கில் மோதினால் பேஸ் பகுதி முழுக்கக் கெட்டுவிடும், அதனால் கடல் காற்று அடங்கிய விடியற்காலையில் செய்யுங்கள். ஸ்பீக்கரும் மைக்கும் 1.2 மீட்டர் உயரத்தில், இடையே 1 மீட்டர் என்று வைத்தால் தரையில் பட்டு வரும் ஒலி 1.6 மீட்டர் கூடுதலாக நடந்து, சுமார் 4.6 மில்லி செகண்ட் தாமதமாக வரும். அதற்கு முன்பே அளவை வெட்டிவிட வேண்டும், அப்படி வெட்டினால் சுமார் 220 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள வளைவை நம்ப முடியாது. அந்தப் பகுதிக்கு மைக்கை வூஃபர் கோனின் நடுவில் ஒரு சென்டிமீட்டருக்குள் கொண்டுபோய்த் தனியாக அளந்து, இரண்டையும் ஒட்டிக்கொள்ளலாம். மைக்கோடு வரும் காலிபரேஷன் ஃபைலை மென்பொருளில் ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் மேல் பகுதியில் தெரியும் ஏற்ற இறக்கம் ஸ்பீக்கருடையதா மைக்குடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.