தங்கம் கேட்டவர் கையில் எண்ணெய் கம்பெனி

கேள்வி: வெளிநாட்டுக் கம்பெனியின் சுரங்க உரிமையை அந்நாட்டு அரசே பறித்தால், யாரிடம் முறையிடுவது? ஜெயித்தால் பணம் வருமா?

பதில்: முறையிட இடம் உண்டு. பணம் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

வெனிசுவேலாவின் லாஸ் கிறிஸ்டினாஸ் தங்க வயலில் தோண்ட, கனடாவின் கிறிஸ்டலெக்ஸ் கம்பெனி 2002-ல் ஒப்பந்தம் போட்டது. 2008-ல் சுற்றுச்சூழல் அனுமதி மறுப்பு. 2011-ல் ஒப்பந்தமே ரத்து. மண்ணுக்குள் இருக்கும் தங்கம் அரசுடையது, கம்பெனிக்கு இருந்தது தோண்டும் உரிமை மட்டுமே. ஆகவே கேட்டது நஷ்டஈடு. இரு நாடுகளின் முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, உலக வங்கிக் குழுமத்தின் நடுவர் மையத்துக்குப் போனார்கள். வழக்கு முடிவதற்குள் கம்பெனியே, கடன்காரர்கள் நெருக்காதபடி நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டுவிட்டது. வழக்குச் செலவுக்கு ஒரு முதலீட்டு நிதி கடன் கொடுத்தது. (வழக்கில் முதலீடு செய்வதும் இன்று ஒரு வியாபாரம்!)

2016-ல் தீர்ப்பு: சுமார் 120 கோடி டாலர், வட்டி தனி. சரி, ஜெயித்தாயிற்று. வெனிசுவேலா முழுசாகக் கட்டவில்லை. அப்புறம் கம்பெனி அமெரிக்காவின் டெலவேர் நீதிமன்றத்துக்கு ஓடி, வெனிசுவேலா அரசின் எண்ணெய் நிறுவனத்துக்குச் சொந்தமான பங்குகளைக் குறிவைத்தது: அமெரிக்காவில் எண்ணெய் சுத்திகரிக்கும் சிட்கோவின் தாய் நிறுவனப் பங்குகள். 2018-ல் அந்தப் பங்குகளை ஜப்தி செய்ய நீதிபதி ஒப்புக்கொண்டார். பிறகு அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி கோனோகோபிலிப்ஸ் உட்பட மற்றக் கடன்காரர்களும் அதே பங்குகளுக்கு வரிசையில் நின்றார்கள்.