சுற்றுலாப் பயணிகள் குவியும் ஊரில் குடியிருப்பது எப்படி இருக்கிறது?

நான் புதுச்சேரிக்காரன். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், தாழ்வாரமும் திண்ணையும் உள்ள பழைய வீடு எங்களுடையது. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி என்று படங்களில் நீங்கள் பார்ப்பதெல்லாம் வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சுப் பகுதி. ஆனால் கூட்டத்துக்கு வாய்க்கால் ஒரு தடையே அல்ல.

வெள்ளிக்கிழமை இரவே தெரிந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை வண்டிகள், விடிவதற்குள் பெங்களூரு வண்டிகள். சனிக்கிழமை காலையில் வாசலை அடைத்து ஒரு கார் நிற்கும், உள்ளே ஆள் இருக்காது. ஒருமுறை அம்மாவுக்கு மூச்சுத் திணறியபோது ஆட்டோ தெருமுனைக்கு மேல் வர முடியவில்லை. கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போனேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

திண்ணை கதை வேறு. வழிப்போக்கர் உட்காரத்தான் முன்னோர்கள் அதைக் கட்டினார்கள். இப்போதும் வழிப்போக்கர்கள்தான் உட்காருகிறார்கள், படம் எடுத்துக்கொள்ள. கோலத்தை மிதித்துக்கொண்டு ஏறுவார்கள். எதிர்வீட்டுக்காரர் கம்பிக்கதவு போட்டுவிட்டார். எங்கள் வீட்டில் அம்மா விடவில்லை. "உட்கார்ந்தால் திண்ணை தேய்ந்தா போய்விடும்?" என்கிறார். கோலம் அழிந்தால் மட்டும் திட்டுவார், அதுவும் அவர்கள் போன பிறகு.

எனக்கு உறுத்துவது இதுவல்ல. எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாக விடுதியாகிறது. வாடகைக்கு இருந்தவர்கள் லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை என்று நகர்ந்துவிட்டார்கள். சென்ற மார்கழியில் கோலம் போட்ட வாசல்களை எண்ணினேன்: ஐந்து. விடுதி வாசல்களிலும் கோலம் உண்டுதான், பெயின்ட்டில் வரைந்தது.

மற்றபடி பழகிக்கொண்டோம். பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்குவதை வியாழக்கிழமையே முடித்துக்கொள்வோம். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், ஆனாலும் அப்போது நடக்க இடமிருக்காது. ஆகவே எங்கள் கடற்கரை விடியற்காலை ஐந்து மணிக்கு. காந்தி சிலையடியில் அந்நேரம் எல்லாம் தெரிந்த முகங்கள். டிசம்பர் 31 அன்று மட்டும் வீட்டைப் பூட்டிக்கொண்டு விழுப்புரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவோம்.

"அப்படியானால் சுற்றுலாவே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். என் தம்பி வாடகை ஸ்கூட்டர் கடை வைத்திருக்கிறான். அம்மாவின் மருந்துச் செலவு அவனுடையது. வாசலை மறித்து ஸ்கூட்டர் நின்றால் முதலில் எண் பலகையைப் பார்ப்பேன். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி. போலீசுக்கு அல்ல, அவனுக்குத்தான் முதலில் போன் செய்வேன். பாதி நாள் வண்டி அவனுடையதாகத்தான் இருக்கும்.