வாசகர் கேள்வி பதில்: ரோரி கேலஹரும் இரண்டாவது தட்டும்

கேள்வி: அயர்லாந்தின் ப்ளூஸ்-ராக் கிட்டார் கலைஞர் ரோரி கேலஹரின் ‘பிபிசி செஷன்ஸ்’ இரட்டை ஆல்பத்தை இப்போதுதான் முழுசாகக் கேட்டு முடித்தேன். முதல் தட்டில் இருப்பது மேடைக் கச்சேரிகள். இரண்டாவதில் ரேடியோ ஸ்டூடியோவுக்குள் வாசித்தவை. கச்சேரித் தட்டில்தான் உயிர் இருக்கிறது, மற்றது ஒப்புக்குச் சேர்த்தது என்கிறார் என் அண்ணன். நீங்கள் எந்தக் கட்சி? (மதுரை வாசகர்)

பதில்: நான் இரண்டாவது தட்டின் கட்சி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ரோரி என்றாலே மேடைதான். 1972-இல் ‘லைவ் இன் யூரோப்’, 1974-இல் ‘ஐரிஷ் டூர்’ என்று அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை கச்சேரிப் பதிவுகள். கட்டம் போட்ட சட்டை, பெயின்ட் உரிந்த ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார், பக்கத்தில் 1971 முதல் இருபது வருஷம் கூடவே பேஸ் வாசித்த ஜெரி மெக்காவோய். இந்த மூன்றும் மேடைக்கு வந்துவிட்டால் அப்புறம் நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார்கள்!

ஸ்டூடியோ என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. 1971-இல் ‘டியூஸ்’ ஆல்பத்தை மேடைச் சூடு ஆறிவிடக் கூடாதே என்று கச்சேரிகளுக்கு நடுவே லண்டனில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பதிவு செய்தார். அது நன்றாகவே வந்தது. ஆனால் எழுபதுகளின் கடைசியில் சான் ஃப்ரான்சிஸ்கோவில் ஒரு முழு ஆல்பத்தை வாசித்து முடித்து, மிக்ஸிங் (பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன் செய்வது) பிடிக்காமல் அப்படியே தூக்கிப் போட்டுவிட்டார். அது அவர் இறந்து பதினாறு வருஷம் கழித்து, 2011-இல்தான் வெளியே வந்தது. கையில் நேரம் இருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும், இதை இன்னும் கொஞ்சம் சரி செய்யலாமோ, அதை மாற்றலாமோ என்று. நான் அவரைப் புரிந்துகொண்டிருப்பது இப்படித்தான்.

ரேடியோ ஸ்டூடியோவில் அந்த நேரம் கிடையாது. ஒரே நாளில் சாமான்களை இறக்கி, ஆம்ப்ளிஃபயரைச் சூடாக்கி, மூன்று நான்கு பாட்டு வாசித்து, மிக்ஸிங்கையும் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். எதிரில் கூட்டமும் இல்லை, அதனால் கைதட்டலுக்காக ஒரு பாட்டைப் பத்து நிமிஷம் இழுக்க வேண்டியதில்லை. மேடையின் சூடும் பாட்டின் அளவும் ஒன்றாகச் சேர்ந்து கிடைப்பது இந்த ரேடியோ பதிவுகளில்தான். அண்ணனை உட்கார வைத்து ‘க்ரெஸ்ட் ஆஃப் எ வேவ்’ பாட்டை ஹெட்ஃபோனில் கேட்கச் சொல்லுங்கள். ‘டியூஸ்’ ஆல்பத்தில் உள்ளதையும் உடனே அடுத்துப் போடுங்கள். பிறகு அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.

கச்சேரித் தட்டில் எனக்குள்ள ஒரே குறை, அது ஒரே ராத்திரிக் கச்சேரி இல்லை என்பது. இந்த ஆல்பம் ரோரி மறைந்த பிறகு, 1999-இல், அவருடைய தம்பி டோனல் தொகுத்தது. வெவ்வேறு வருஷத்துப் பதிவுகளிலிருந்து பாட்டுகளை எடுத்து அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டும் தனியாகக் கேட்டால் அபாரம். ‘ஐ ஃபால் அபார்ட்’ மெதுவாக, ஏதோ தனக்குத்தானே பேசிக்கொள்வது போலத் தொடங்கி, கடைசியில் அந்த கிட்டார் அழுகிற இடத்துக்குப் போய்ச் சேரும்போது எனக்கு இன்னமும் கண் கலங்கும். ஆனால் ஒரு கச்சேரி மெல்ல மெல்லக் களை கட்டுகிற அந்த ஏற்றம் ‘ஐரிஷ் டூரில்’ கிடைக்கும் அளவுக்கு இதில் கிடைக்காது.

கேள்வி: இசைத்தட்டுகள்தான் கடையிலேயே கிடைத்தனவே, அதே பாட்டுகளை பிபிசி ஏன் மறுபடி வாசிக்க வைத்துப் பதிவு செய்தது? வீண் செலவு இல்லையா? (கோவை வாசகி)

பதில்: ஒரு கட்டுப்பாடு இருந்தது. ரேடியோவில் நாள் முழுக்க இசைத்தட்டையே போட்டால் வாசிக்கிற கலைஞர்களுக்குப் பிழைப்பு போய்விடும் என்று பிரிட்டனின் இசைக் கலைஞர் சங்கம் போராடியது. இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கோ ரேடியோவில் ஓசியாகக் கேட்டுவிட்டால் யார் வாங்குவார்கள் என்ற பயம். அதனால் ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் தட்டு போடலாம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு ‘நீடில் டைம்’ என்று பெயர். எண்பதுகளின் கடைசி வரை இது நடைமுறையில் இருந்தது. மிச்ச நேரத்தை நிரப்ப பிபிசி தானே கலைஞர்களை அழைத்துப் பதிவு செய்தாக வேண்டும். ஜான் பீல் போன்ற பிபிசி ரேடியோ தொகுப்பாளர்களின் நிகழ்ச்சிகளில் வந்த செஷன்கள் எல்லாம் இந்தக் கட்டாயத்தில் பிறந்தவைதான். வீண் செலவு என்று எப்படிச் சொல்வேன்? பாதி நல்ல பிரிட்டிஷ் ராக் அதில்தானே தங்கியிருக்கிறது! வருத்தம் என்னவென்றால், அந்த டேப்புகளில் பலவற்றைப் பின்னால் பிபிசியே அழித்துவிட்டது. ரேடியோ பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து வீட்டில் பதிவு செய்துகொண்ட ரசிகர்களால் பிழைத்தவையும் உண்டு. அவர்களைக் கும்பிட வேண்டும்.

கேள்வி: ‘ஐரிஷ் டூர்’ கேட்ட காதுக்கு இந்த ரேடியோ பதிவுகள் வறட்சியாக, கொஞ்சம் கீச்சென்று இருக்கின்றன. என் காதில் கோளாறா? (திருச்சி வாசகர்)

பதில்: கோளாறு ஒன்றும் இல்லை, சரியாகவே கேட்டிருக்கிறீர்கள். ‘ஐரிஷ் டூர்’ பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் அரங்குகளில் பல டிராக்குகளில் பதிவாகி, பிறகு நிதானமாக மிக்ஸ் செய்யப்பட்டது. கார்க் அவர் வளர்ந்த ஊர் வேறு, அந்தக் கூட்டத்தின் மூச்சு முழுக்க அந்தப் பதிவில் இருக்கிறது. ரேடியோ செஷனில் அந்த வசதிகள் எதுவும் இல்லை. ரோரி அந்த நாட்களில் வாக்ஸ் ஏசி-30 ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ரேஞ்ச்மாஸ்டர் என்று ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்பார். அதன் வேலையே மேல் ஸ்தாயியைத் தூக்கிக் கொடுப்பதுதான். பெரிய அரங்கில் கூட்டமும் சுவரும் அதைக் கொஞ்சம் குடித்துவிடும், எதிரொலி அடக்கிய ஸ்டூடியோ அறையில் அது நேராகக் காதுக்கு வரும். உங்கள் பெட்டியில் ட்ரெபிளை, அதாவது மேல் ஸ்தாயியின் அளவை, ஒரு திருகு குறைத்துப் பாருங்கள்.

குறைத்த பிறகு வேறொன்று கேட்கத் தொடங்கும். வாசிக்கும்போதே சுண்டுவிரலால் கிட்டாரின் டோன் குமிழைத் திருகி, ஒரே ஸ்வரத்தை மூடித் திறப்பது போல ‘வா’ என்று பேச வைப்பது அவர் பழக்கம். மேடைச் சத்தத்தில் அமுங்கிப் போகிற இந்த மாதிரி நுணுக்கங்கள் ரேடியோ பதிவில் பளிச்சென்று தெரியும். 1963-இல், பதினைந்து வயதில், கார்க்கில் ஒரு கடையில் நூறு பவுண்டுக்குத் தவணையில் வாங்கிய பழைய ஸ்ட்ராடோகாஸ்டர்தான் அந்த கிட்டார். கடைசி வரைக்கும் அதை விடவில்லை. 2024-இல் லண்டனில் ஏலம் போய், இப்போது அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டிக்குள் அடைபடாமல் தப்பியதில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

கேள்வி: 2024-இல் வந்த ‘பிபிசி கலெக்ஷன்’ பெட்டியில் பதினெட்டு சிடி இருக்கிறதாமே, அதை வாங்கலாமா? நான் ரோரியை இனிமேல்தான் கேட்கப் போகிறேன். (சேலம் வாசகி)

பதில்: இப்போது வேண்டாம். முதலில் ‘ஐரிஷ் டூர்’, அடுத்து ‘பிபிசி செஷன்ஸ்’ இரண்டாவது தட்டு, அப்புறம் முதல் தட்டு. ஒரே பாட்டை அவர் 1972-இல் எப்படி வாசித்தார், 1977-இல் எப்படி வாசித்தார் என்று உங்களுக்கே ஒரு நாள் கேட்கத் தோன்றும். அன்றைக்கு அந்தப் பெட்டியை வாங்குங்கள்.