பிளாக்லிஸ்ட் போட்டும் டிரைவர் வந்து நிக்குதா? லினக்ஸ் கேள்வி பதில்

லினக்ஸ்ல வேண்டாத டிரைவர் தானா வந்து உக்காந்துக்குது, எப்படி நிறுத்துறதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒவ்வொன்னா பதில் போடுறேன். கேக்குறதுக்கு முன்னாடி எல்எஸ்பிசிஐ மைனஸ் கே ஓட்டிப் பாருங்க, யுஎஸ்பின்னா எல்எஸ்யுஎஸ்பி மைனஸ் டி. எந்த டிவைஸை எந்த டிரைவர் பிடிச்சு வச்சிருக்குன்னு அதுலயே வந்துடும்.

கேள்வி: அண்ணே, டிவி டாங்கிள் ஒன்னு வாங்கி எஸ்டிஆர் (சாஃப்ட்வேர் வழியா ஓடுற) ரேடியோ கேக்கலாம்னு பாத்தா கெர்னல் டிரைவர் ஆக்டிவா இருக்குன்னு எரர் வருது. எட்சி மாட்ப்ரோப்.டி உள்ள டாங்கிள்.டிஎக்ஸ்டி-ன்னு ஃபைல் போட்டு பிளாக்லிஸ்ட் எழுதிட்டேன், ரீபூட் பண்ணா திரும்ப வருது.

பதில்: முதல்ல ஃபைல் பேரு. கடைசியில .கான்ஃப் இல்லைன்னா, டிரைவரை ஏத்துற மாட்ப்ரோப் புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்தே பாக்காது, உங்க பிரச்சனை அங்கயே முடிஞ்சிடும். ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க, நாளைக்கு வேற டிவைஸுக்கும் உதவும். டாங்கிளை சொருகினதும் கெர்னல் அதோட வெண்டர் நம்பர், புராடக்ட் நம்பரையெல்லாம் சேத்து மோட்அலையாஸ்னு நீளமா ஒரு வரி செய்யும், டிவைஸ் சொருகுறதைக் கவனிக்கிற யூடெவ் புரோகிராம் அதை வாங்கி மாட்யூல்ஸ்.அலையாஸ் ஃபைல்ல எதோட பொருந்துதுன்னு பாத்து அந்த மாட்யூலை, அதாவது தனியா ஏத்துற டிரைவர் ஃபைலை, ஏத்திடும், உங்களுக்கு அது டிவிபி_யுஎஸ்பி_ஆர்டிஎல்28எக்ஸ்எக்ஸ்யூ. பிளாக்லிஸ்ட்னு பேரு இருக்குறதால தடைன்னு நினைச்சுக்குறோம், அது தடையே இல்ல. இந்த மாட்யூல் தனக்குள்ள எழுதி வச்சிருக்குற அலையாஸைக் கண்டுக்காதேன்னு சொல்றது, அவ்வளவுதான். யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வரும், வேற மாட்யூலுக்கு அது தேவைப்பட்டாலும் வரும். அதனால எப்பவும் முதல் கேள்வி, யாரு கூப்பிடுறாங்க? அது தெரியாம வரி வரியா பிளாக்லிஸ்ட் எழுதாதீங்க.

கேள்வி: என்விடியா கார்டுக்கான நூவோ டிரைவரை பிளாக்லிஸ்ட் பண்ணியும் பூட் ஆகும்போதே வந்துடுது சார். உபுண்டு.

பதில்: இனிட்ராம்எஃப்எஸ் புதுப்பிச்சீங்களா? டிஸ்க் மவுண்ட் ஆகுறதுக்கு முன்னாடி ஓடுற குட்டி சிஸ்டம் அது, உங்க மாட்ப்ரோப்.டி ஃபைல்களோட பழைய காப்பி அதுக்குள்ள இருக்கு. நீங்க வெளிய எழுதுனது அதுக்குத் தெரியாது. அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் மைனஸ் யூ ஓட்டுங்க. கிராஃபிக்ஸ், டிஸ்க் கன்ட்ரோலர் ரெண்டுலயும் கை வைக்கிறதுக்கு முன்னாடி லைவ் யுஎஸ்பி (அதுல இருந்தே லினக்ஸ் பூட் ஆகும், மெஷின் நின்னா சரி பண்ணலாம்) ஒன்னு கையில வச்சுக்கோங்க, இதை எத்தனை தடவை வேணா சொல்வேன்.

கேள்வி: அதே பிரச்சனை, ஆனா ஃபெடோரா.

பதில்: அங்க இனிட்ராம்எஃப்எஸ் புதுப்பிக்க டிராகட் மைனஸ் எஃப். லைவ் யுஎஸ்பி வச்சுக்கோங்க.

கேள்வி: கெர்னல் அப்டேட்டுக்கு அப்புறம் வர்ச்சுவல்பாக்ஸ் ஓடல, கேவிஎம்_இன்டெல் தானா ஏறியிருக்கு.

பதில்: 6.12 கெர்னல்ல இருந்து வர்ச்சுவல் மெஷின் (விஎம்) ஓட்டுற கேவிஎம் மாட்யூல் ஏறின உடனேயே, அதுக்கு உதவுற சிபியூவோட விடி வசதியை எடுத்துக்குது, வர்ச்சுவல்பாக்ஸுக்கு அது கிடைக்கல, முன்னாடி விஎம் ஸ்டார்ட் ஆகும்போதுதான் எடுக்கும். பிளாக்லிஸ்ட் வேண்டாம், கெர்னல் வரியில (பூட் ஆகும்போது கெர்னலுக்குக் குடுக்குற ஆப்ஷன் வரி) கேவிஎம்.எனேபிள்_விர்ட்_அட்_லோட்=0 போடுங்க.

கேள்வி: விண்டோஸ் அப்டேட் என் டிரைவரை மாத்திடுது.

பதில்: குரூப் பாலிசியில விண்டோஸ் அப்டேட்டோட டிரைவர் சேக்காதேன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ப்ரோ எடிஷன்ல கிடைக்கும். மத்ததை விண்டோஸ் ஆளுங்கக்கிட்ட கேளுங்க.

கேள்வி: உபுண்டு 22.04, ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு சொருகினா அதோட சீரியல் டிவைஸ் டிடிஒய்யுஎஸ்பி0 ஒரு செகண்ட் வந்துட்டு மறைஞ்சிடுது. எதை பிளாக்லிஸ்ட் பண்ணணும்?

பதில்: எதையும் பண்ணாதீங்க! போர்டுல இருக்குற யுஎஸ்பி சிப்புக்கான சிஎச்341 டிரைவர் சரியாத்தான் வந்திருக்கு, அது உங்களுக்கு வேணும். கெர்னல் மெசேஜைக் காட்டுற டிமெசேஜ்ல பாருங்க, பிஆர்எல்டிடிஒய்னு ஒரு பேரு இருக்கும். பிரெயில் டிஸ்ப்ளே ஓட்டுற புரோகிராம் அது. ஒரு பிரெயில் கருவியில இதே சிப்பு, இதே 1ஏ86:7523 நம்பரோட இருக்கு, அதனால உங்க போர்டையும் பிரெயில் கருவின்னு நினைச்சு பிடுங்கிக்குது. லிப் யூடெவ் ரூல்ஸ்.டி-ல இருக்குற 85-பிஆர்எல்டிடிஒய்.ரூல்ஸை எட்சி யூடெவ் ரூல்ஸ்.டி-க்கு அதே பேர்ல காப்பி பண்ணி, அந்த நம்பர் இருக்குற வரிக்கு முன்னாடி ஹேஷ் (#) போடுங்க, அந்த வரி செல்லாம போயிடும். அப்டேட் வந்தாலும் இந்த மாத்தம் அழியாது.

கேள்வி: எதுக்கு இவ்வளவு சுத்து? ஏபிடி ரிமூவ் பிஆர்எல்டிடிஒய், ஒரே வரி. தேவையில்லாததை எல்லார் தலையிலயும் ஏன் கட்டுறாங்க, வேணும்ங்கிறவங்க இன்ஸ்டால் பண்ணிக்கட்டுமே.

பதில்: உங்க சொந்த மெஷின்னா தாராளமா எடுங்க. எல்லார் மெஷின்லயும் இருக்கக் கூடாதுன்னு சொல்றதைத்தான் என்னால ஏத்துக்க முடியல. ஸ்கிரீனைப் பாக்க முடியாதவரு இன்ஸ்டால் பண்ணிக்கட்டும்னா, இன்ஸ்டாலரை அவரு எதை வச்சுப் படிப்பாரு? டிஸ்ப்ளேவை சொருகினதும் விரலுக்குக் கீழ எழுத்து வரணும், அதுக்குத்தான் முதல்ல இருந்தே உள்ள இருக்கு. காலேஜ் லேப் மெஷின்ல நீங்க எடுத்துட்டுப் போனா அடுத்து வந்து உக்கார்ற பையனுக்கு அது செத்த மெஷின்.

கேள்வி: அப்போ போர்டு வச்சிருக்குறவன் நேரத்துக்கு மதிப்பே இல்லையா? ரெண்டு நாள் போச்சு எனக்கு.

பதில்: இருக்கு, அந்தக் கோபம் நியாயம். தப்பு எங்கன்னா, சிப்பு வாங்கினவங்க தங்களுக்குன்னு நம்பர் வாங்காம சிப்போட பொது நம்பரையே விட்டுட்டாங்க. பின்னாடி பிஆர்எல்டிடிஒய்காரங்களே பொது நம்பருக்குத் தனி ரூல்ஸ் ஃபைல் பிரிச்சுட்டாங்க. ஒரு வரியை அடைச்சா ரெண்டு பேருக்கும் வேலை நடக்குது, அதை விட்டுட்டு மொத்தமா ஏன் தூக்கணும்?

கேள்வி: நான் பிரெயில் டிஸ்ப்ளே யூஸ் பண்றவன். அந்த ஹேஷ் போட்டா என்னோடது நிக்குமா?

பதில்: எல்எஸ்யுஎஸ்பி-ல உங்க நம்பரைப் பாருங்க. 1ஏ86:7523 இல்லைன்னா ஒன்னும் ஆகாது. அதுவே இருந்தா அந்த வரியைத் தொடாதீங்க.

கேள்வி: ஒரே மாடல் கிராஃபிக்ஸ் கார்டு ரெண்டு இருக்கு, ஒன்னை மட்டும் விஎம்-க்கு குடுக்கணும்.

பதில்: பிளாக்லிஸ்ட் போட்டா ரெண்டும் போயிடும், டிவைஸை விஎம்-க்கு ஒப்படைக்கிற விஎஃப்ஐஓ டிரைவர்ல ஐடி குடுத்தாலும் அதே கதைதான். ஸ்லாட் முகவரியை வச்சுப் பிரிக்கணும். சிஸ்எஃப்எஸ்ல (கெர்னல் டிவைஸ்களை ஃபைலாக் காட்டுற இடம்) அந்த ஸ்லாட்டோட டிரைவர்_ஓவர்ரைடு ஃபைல்ல விஎஃப்ஐஓ-பிசிஐ-ன்னு எழுதினா வேற எந்த டிரைவரும் அதைத் தொடாது, ஆனா கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறுறதுக்கு முன்னாடியே எழுதணும், அதனால இனிட்ராம்எஃப்எஸ் ஸ்கிரிப்ட்ல வையுங்க.

கேள்வி: ஏறியிருக்குற மாட்யூலைக் காட்டுற எல்எஸ்மாட்ல பேரே இல்ல, ஆனா டிரைவர் வேலை செய்யுது.

பதில்: கெர்னலுக்குள்ளயே சேத்து கட்டியிருக்காங்க. மாட்யூல்ஸ்.பில்ட்இன் ஃபைல்ல தேடுங்க. அதுக்கு பிளாக்லிஸ்ட் செல்லாது.

கேள்வி: அண்ணே, நானும் பிளாக்லிஸ்ட் போட்டேன், ரீபூட் பண்ணா வருது.

பதில்: ஃபைல் பேரு .கான்ஃபா? இனிட்ராம்எஃப்எஸ் புதுப்பிச்சாச்சா? ரெண்டும் பண்ணியும் வந்தா பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க, இல்ல வேற மாட்யூலுக்கு அது தேவைப்படுதுன்னு அர்த்தம். அதே .கான்ஃப் ஃபைல்ல இன்ஸ்டால்னு எழுதி மாட்யூல் பேரு, அடுத்து ஸ்லாஷ் பின் ஸ்லாஷ் ஃபால்ஸ் (/bin/false). அப்பவும் அடங்கலைன்னா கெர்னல் வரியில மாட்யூல்_பிளாக்லிஸ்ட்= போட்டு மாட்யூல் பேரு, மாட்யூலை நேரடியா ஏத்துற இன்ஸ்மாட் கூட அதைத் தாண்ட முடியாது. லைவ் யுஎஸ்பி இருக்கா?