புதுச்செவ்வியல் கட்டடக்கலை வெறும் நகல்தானா? பாரிஸ் பாந்தியோனை முன்வைத்து

ஐரோப்பாவின் புதுச்செவ்வியல் (பண்டைய பாணியை 18-ஆம் நூற்றாண்டில் மீட்டெடுத்த) கட்டடங்கள் பண்டைய கிரேக்க, ரோமானியக் கோயில்களின் நகல்கள்தாமே என்று கேட்டிருக்கிறீர்கள். பாரிஸ் பாந்தியோனின் முன் முதன்முறை நின்றபோது நானும் அப்படித்தான் எண்ணினேன். உச்சியில் இலை வேலைப்பாடு கொண்ட கொரிந்தியப் பாணியில் அமைந்த 22 தூண்களும் முக்கோண முகப்புமாக நிற்கும் அதன் முகமண்டபம் ரோமிலிருந்து பெயர்த்து வந்து வைத்ததைப் போலவே தோன்றும். அதன் கட்டுமானத்தைப் பற்றிப் படித்த பிறகு அந்த எண்ணம் முற்றிலும் மாறிவிட்டது.

1744-இல் மெட்ஸ் நகரில் கடும் நோயில் கிடந்த பதினைந்தாம் லூயி மன்னர், பிழைத்தெழுந்தால் பாரிஸின் காவல் புனிதரான ழெனவியேவுக்குப் புதிய தேவாலயம் எழுப்புவதாக நேர்ந்துகொண்டார். அதுவே இன்றைய பாந்தியோன். 1755-இல் அப்பணி கட்டடக்கலைஞர் சூஃப்லோவிடம் வந்தது. அவர் தென் இத்தாலியின் பேஸ்தும் வரை சென்று கிரேக்கக் கோயில்களைக் கண்டு ஆராய்ந்தவர். இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் பாணித் தேவாலயங்களின் மெல்லிய கட்டுமானத்தின் மீதும் அதே அளவு மதிப்பு வைத்திருந்தவர். கிரேக்கக் கோயிலில் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையே ஒரே கல் உத்திரமாகக் கிடக்கும். பாந்தியோனிலோ, உத்திரம் போலத் தெரிவது ஆப்பு வடிவில் செதுக்கிய பல கற்களின் கோவை. அக்கற்களை உள்ளே மறைந்திருக்கும் இரும்புக் கம்பிகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. கூரை வளைவுகளின் உதைப்பைத் தாங்குபவையும் கோதிக் முறைத் தாங்கு வளைவுகளே, அதாவது வெளிப்புறமிருந்து முட்டுக்கொடுக்கும் வில் வடிவக் கல் வளைவுகளே. தெருவில் நிற்பவர் கண்ணில் அவை படாதபடி வெளிச்சுவர் உயர்ந்து மறைத்துவிடுகிறது.

இது துணிச்சலான முயற்சி என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் அதற்கு விலையும் இருந்தது. குவிமாடத்தைச் சுமக்க சூஃப்லோ வடிவமைத்த மெல்லிய தூண் தொகுதிகள் போதா என்று பியேர் பாத் என்ற கட்டடக்கலைஞர் 1770-இல் எழுதினார். பின்னர் விரிசல்களும் கண்டன. சூஃப்லோ 1780-இல் மறைந்தார். 1790-இல் பணியை நிறைவுசெய்த கட்டடக்கலைஞர் ரோந்தலே, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தூண்களைப் பருமனாக்கி வலுப்படுத்த வேண்டியதாயிற்று.

பலரையும் போல நான் மிகப் 'பழமையானது' என்று கருதிய அம்சம், திறப்பே இல்லாமல் நீளும் அந்த வெற்றுச் சுவர்கள். உண்மையில் அவை சூஃப்லோவின் எண்ணமே அல்ல. அவர் கட்டியது ஒளி நிறைந்த தேவாலயம். 1791-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அதைப் பெருமக்களின் நினைவிடமாக்கியபோது, கல்லறைக்குரிய அமைதி வேண்டுமென்று அந்த மாற்றத்தை மேற்பார்வையிட்ட கலைக் கோட்பாட்டாளர் கத்ரமேர் தெ கென்சி கீழ்ச் சன்னல்களை அடைக்கச் செய்தார். வெளியே சுவரை ஒட்டி நடந்தால், அடைக்கப்பட்ட அந்தச் சன்னல்களின் தடம் இன்றும் கல்லில் தெரிகிறது.